தழை போட்ட சாலை

அக்டோபர் 8, திங்கள்

இரண்டாம் படிவத்துக்கு இன்று பின்னக் கணக்கு. வகுப்பில் தொண்ணூறு பேர். கரும்பலகை நடுவில் வெளுத்துக் கிடக்கிறது, ஓரமாக எழுதினால்தான் பின்வரிசைக்குத் தெரிகிறது. வீடு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது.

அம்மா போனில் பழைய பாட்டைப் பாடினாள். "சம்பளமில்லாத வேலைக்கு எதுக்கு அம்மிணி இந்தப் பாடு? மாப்பிள்ள போர் போடப் போயிருக்கறாரு. கூட இருந்து சோறாக்கிப் போட்டா ஆவாதா?"

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் லாரிகளோடு ஆப்பிரிக்காவில் இருக்கும் இந்த மலாவிக்கு வந்து ஆழ்துளைக் கிணறு போடுகிற குடும்பங்களில் பெண்கள் வெளியே போவதில்லை. காம்பவுண்டு, சமையல், ஊருக்கு வீடியோ கால். நான் கணக்கில் எம்.எஸ்சி., அப்புறம் பி.எட். இரண்டு மாதம் சுவரைப் பார்த்தேன். பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய், சும்மாவே வந்து கணக்கு எடுக்கட்டுமா என்று கேட்டேன். தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

வீட்டு வேலைக்கு வரும் எஸ்னத் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. காலையில் அவள் வந்து முற்றத்தில் குனிவாள், நறுமுகை தானாகவே அவள் முதுகில் ஏறிப் படுத்துக்கொள்வாள். சிட்டெஞ்சே என்கிற அந்தப் பூப்போட்ட துணியை ஒரு சுற்று சுற்றி நெஞ்சில் முடிந்தால், மதியம்வரை என் மகள் அங்கேதான். பாத்திரம் கழுவும்போதும் அங்கே, தூங்கும்போதும் அங்கே. ஒன்றேகால் வயதுக்கு இன்னும் நடக்காததற்கு இதுதான் காரணம் என்கிறார் என் வீட்டுக்காரர் பூபதி. நான் அப்படி நினைக்கவில்லை.

முன்பு எஸ்னத் தன் மகன் சிசோமோவையும் கொண்டுவருவாள். எட்டு மாதப் பிள்ளை. பாயில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். போன வாரம் அவனுக்கு மூக்கு ஒழுகியது. சளி நிற்கும்வரை வீட்டிலேயே விட்டு வரச் சொல்லியிருக்கிறேன். நறுவுக்கு நெஞ்சில் சளி கட்டினால் இங்கே எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. அவள் தங்கை பார்த்துக்கொள்கிறாளாம். எஸ்னத் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி மடாம்" என்றாள். தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அக்டோபர் 9, செவ்வாய்

இங்கே ரிக் வைத்திருக்கும் இன்னொரு குடும்பத்து வாசுகி அக்கா போனில் பேசினார். வரும் திங்கட்கிழமை இந்த நாட்டில் அன்னையர் தினம், அரசு விடுமுறை. சனி, ஞாயிறு, திங்கள் சேர்ந்து வருகிறது. அவர்கள் குடும்பமும் நாங்களும் ஏரிக்குப் போவதாக முடிவு.

"அம்மாமாருக்கு லீவு வுட்ருக்கறாங்க கண்ணு. நாம போயி ரூம்ல அதே சோத்தத்தான் ஆக்கப் போறோம்னு வெச்சுக்கோ. ஆனாலும் எடம் மாறுதல்ல! நான் புளிசாதம், நீ தயிருக்குப் பொறுப்பு."

வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட வெளியே போனதில்லை. நறுவுக்குத் தொப்பி வாங்கவேண்டும். கொசுவலை, காய்ச்சல் மருந்து, வெந்நீர் பிளாஸ்க்.

அக்டோபர் 11, வியாழன்

எஸ்னத் தாமதமாக வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சிசோமோவுக்கு இரவெல்லாம் காய்ச்சலாம், மூச்சு வேகமாக விடுகிறானாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் மருந்தில் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். எந்தக் கோடுவரை ஊற்றவேண்டும் என்று நகத்தால் காட்டினேன். ஹெல்த் சென்டருக்குக் கொண்டுபோ, இன்றைக்கு வேலை வேண்டாம் என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான் மூன்றாம் படிவத்துக்கு இன்று தேர்வு என்பது ஞாபகம் வந்தது. "பரீட்சை முடியற வரைக்கும் இரு, எஸ்னத். முடிஞ்சதும் ஓடிவந்துடறேன்" என்றேன்.

இருந்தாள். நான் வந்தபோது நறுவின் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அதை நான் செய்யச் சொல்லவில்லை.

அவள் போனதும் நறுவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. அவளுடைய தம்ளர், கரண்டி, பால்புட்டி எல்லாவற்றையும் கொதிக்க வைத்தேன். பைகளைக் கட்டிவிட்டேன். தயிருக்குப் பால் காய்ச்சி உறை ஊற்றியாயிற்று.

அக்டோபர் 12, வெள்ளி

கை வரவில்லை. எழுதாமல் தூக்கமும் வராது.

காலையில் எஸ்னத் வரவில்லை. நறுவை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன், கொஞ்சம் எரிச்சலோடுதான். பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் மைதானத்தில் நின்றார்கள். சத்தமே இல்லை. உயிரியல் எடுக்கிற தொக்கோ டீச்சர் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். அவள் எஸ்னத்துக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள்.

"மடாம் தாரணி, சிசோமோ போயிட்டான். விடியறதுக்கு முன்னாடி. ஹெல்த் சென்டர் வாசல்லயே."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நறு அவளுடைய கம்மலைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கிறது.

பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். இங்கே மாலிரோ என்று ஒரு சொல். சாவு, சாவு வீடு, அடக்கம், எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். அதைச் சொல்லிவிட்டால் வயலில் மண்வெட்டி நின்றுவிடும், கடைக்காரர் கதவைச் சாத்திவிடுவார். அடக்கம் முடியும்வரை ஊரே அந்த வீட்டில்தான். பெண்கள் உள்ளே தரையில் கால் நீட்டி உட்காருவார்கள், ஆண்கள் வெளியே மரத்தடியில். யாரும் எதுவும் பேசவேண்டும் என்றுகூட இல்லை. போய் உட்காரவேண்டும்.

தொக்கோ தன் பையிலிருந்து இன்னொரு சிட்டெஞ்சேயை எடுத்து நீட்டினாள். "இடுப்புல சுத்திக்கோ. சேர்ந்தே போயிடலாம்."

"குழந்தை இருக்கே" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "ஆமா, இருக்கா. தூக்கிக்கோ."

"வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நறுவுக்குத் தலைக்கு ஊற்றினேன். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டேன். என்ன சொல்வாள் என்று தெரிந்துதான் போட்டேன் போலிருக்கிறது.

"ஏஞ்சாமி, கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு எழவூட்டுக்குப் போறதா? அதும் பச்சப்புள்ள செத்த ஊட்டுக்கு? ஊருல ஒம் பெரியப்பன் செத்தப்பவே உன்னையப் பக்கத்தூட்டுல உட்டுப்போட்டுத்தான் நான் போனேன். பத்துநாள் கழிச்சுப் போயித் துக்கம் கேட்டுக்க, யாரு வேண்டாங்கறா? இப்பப் போயி அவ கண்ணுல புள்ளையக் காட்டாத."

"எஸ்னத் அப்படிப்பட்டவ இல்லம்மா."

"அவ நல்லவதான். பெத்த வயிறு எரியறப்போ கண்ணு என்ன பண்ணும்னு அவளுக்கே தெரியாது."

மதியம் பூபதி வந்தார். அவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிசோமோவை அவருக்குப் பிடிக்கும். "நாளைக்கு அடக்கம். நாம விடியக்காலம் கெளம்பியாகணும், ரூம் சொல்லியாச்சு, வாசுகியக்கா ஊட்லயும் தயாராயிட்டாங்க" என்றார். பிறகு, "ஒரு சிப்பம் அரிசியும் எண்ணெயும் லாஸ்டன்கிட்டக் குடுத்தனுப்பிடலாம் அம்மிணி. ஊர்சனத்துக்கு ஆக்கிப்போட ஆகும். பாஷையும் சரியாத் தெரியாது, நீ போயி என்ன பண்ணப் போற?"

லாஸ்டன் எங்கள் டிரைவர். அவர் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் வருகிறேனா என்று கேட்கிற பார்வை. "நீங்க போங்க" என்றேன்.

எங்கள் ஊரிலும் துக்க வீட்டுக்கு அரிசி கொடுத்தனுப்புவது உண்டு. மரியாதைக் குறைவு இல்லை.

அக்டோபர் 13, சனி

ஏரி. கடல் என்றே சொல்லலாம், உப்பும் இல்லை, மறுகரையும் இல்லை. அறை பரவாயில்லை. கொசுவலையில் ஓட்டை இருந்தது, தைத்துவிட்டேன்.

காலையில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சாவு வீட்டுக்கு முன்னால் தார்ச்சாலையில் மரக்கிளைகளை வெட்டித் தழையோடு போட்டுவைப்பது இங்கே வழக்கம். வண்டிகள் மெதுவாகப் போகவேண்டும் என்று அர்த்தம். எத்தனையோ முறை அப்படிப் போயிருக்கிறோம், யார் வீடோ என்று. இன்று எஸ்னத்தின் சந்து முனையில் தழை போட்டிருந்தார்கள். ஏரிக்கு வேறு வழி இல்லை.

லாஸ்டன் பாட்டை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நடக்கிற வேகத்தில் போனது. வண்டி மேலே மஞ்சள் நிறத்தில் ரப்பர் டியூப், நீலத் தொட்டி, மடக்கு நாற்காலிகள். பின்னால் வந்த வாசுகி அக்காவின் வீட்டுக்காரர் ஏதோ கோளாறு என்று நினைத்து ஹாரன் அடித்தார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

ஒற்றையடிப் பாதையில் பெண்கள் வரிசையாகத் தலையில் விறகோடு போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் தொக்கோ. அவள் நின்று வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நறுவின் புதுத் தொப்பியைப் பார்த்தாள். நறுவுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் கையை வைத்து டாட்டா காட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

தூசி வருகிறது, கண்ணாடியை ஏற்றுங்கள் என்று சொன்னேன். தார்ச்சாலைதான். ஆனாலும் ஓரத்தில் தூசி இருந்தது.

அக்டோபர் 14, ஞாயிறு

நறு எதற்கும் சமாதானம் ஆகவில்லை. தண்ணீரைக் காட்டினால் அழுகிறாள், மணலில் விட்டால் அழுகிறாள். கட்டிலில் போட்டால் எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்க்கிறாள். மதியம் என் துப்பட்டாவால் முதுகில் கட்டிப்பார்த்தேன், வழுக்கி வழுக்கி இடுப்புக்கு வந்துவிட்டாள். காய்ச்சல் பார்த்தேன், இல்லை. கொஞ்சநேரம் கழித்தும் பார்த்தேன், இல்லை. வாசுகி அக்கா தெர்மாமீட்டரைப் பிடுங்கித் தன் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. இப்படியே போனா உனக்குத்தான் வரப்போவுது."

ஆண்கள் கரையில் சம்போ மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். மிளகாய்த்தூள் நெடி ஏரிக்கே தும்மல் வரவைத்திருக்கும். வாசுகி அக்கா வந்த புதிதில் நடந்த கதை ஒன்றைச் சொன்னார். அவர்கள் ரிக்கில் வேலை செய்த பையனுடைய அப்பா இறந்துபோனாராம். பாறை பாதியில் நிற்கிறது என்று இவர்கள் அன்றைக்கும் போர் ஓட்டியிருக்கிறார்கள்.

"அப்புறம் பாரு, மூணு வாரம் ரிக்குக்கு ஒரு ஆளு வரோணுமே? ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்க வந்துபோட்டு, குடிக்க ஒரு கொடம் தண்ணிக்கு நாங்க கையேந்தி நின்னோம். அன்னையிலருந்து எழவுன்னா உங்கண்ணந்தான் மொத ஆளு. அதுக்குன்னே ஒரு கறுப்புக் கோட்டுத் தெச்சு வெச்சிருக்கறாரு. எங்க கல்யாணத்துக்குக்கூட மனுசன் அத்தன சுத்தமா வரல."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கேட்டார், "உம்பட எஸ்னத்து ஊட்டுக்குப் போயிட்டுத்தான கெளம்புன?"

"அரிசி அனுப்பிச்சேங்க்கா."

அவர் நறுவை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார். தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 15, திங்கள்

அன்னையர் தினம். விடுதிக்காரர் எல்லா அம்மாக்களுக்கும் ஒரு துண்டு கேக் இலவசமாகக் கொடுத்தார். நறு என்னுடையதைத் தட்டிவிட்டாள்.

திரும்பும்போது சாலையில் தழை இல்லை.

அக்டோபர் 16, செவ்வாய்

எஸ்னத் வரமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் காலையில் வாசலைத் திறந்துவைத்திருந்தேன்.

நறுவைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாம் படிவம் எழுந்து நின்று "குட் மார்னிங் மடாம்" சொன்னது, உட்கார்ந்தது. வழக்கமாக நறுவைப் பார்த்தால் முன்வரிசைப் பெண்கள் அடித்துக்கொண்டு தூக்க வருவார்கள். ஒருத்தியும் வரவில்லை. இடது கையில் குழந்தை, வலது கையில் சுண்ணக்கட்டி. பாதிக் கணக்கில் அவள் அழுதாள். தொண்ணூறு பேரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் அறையில் தொக்கோ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அவள் நிமிரவில்லை.

"ஏரி நல்லா இருந்துச்சா?"

"தொக்கோ..."

"அரிசி வந்துச்சு. நல்ல அரிசி. உதிரி உதிரியா வெந்துச்சு, எல்லாரும் சொன்னாங்க." சிவப்புப் பேனாவை மூடினாள். "மூட்டையால தரையில உக்கார முடியாது மடாம். எஸ்னத் ரெண்டு நாளும் கேட்டுக்கிட்டே இருந்தா. அமாகே நறு, அதான் நீ, வந்தாச்சான்னு. நறு எங்கன்னு. நான் என்ன சொல்றது? டாட்டா காட்டிட்டுப் போனான்னு சொல்றதா?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். பால்குடி மறக்காத குழந்தையைத் துக்க வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று. என்னால் முடிந்த ஆங்கிலத்தில், சுற்றி வளைத்து, மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். "அங்கிருந்து அது உன் பிள்ளைக்கு வந்துடும்னு நினைச்சே."

"இல்லை" என்றேன்.

"அஞ்சு மாசமா அவ முதுகுல கிடந்த பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

தலைமையாசிரியர் மட்டும் வழக்கம்போல எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை.

அக்டோபர் 17, புதன்

சாயங்காலம் நறுவைப் பூபதியிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போய்வந்தேன். மக்காச்சோள மாவு ஒரு கூடை கொண்டுபோனேன். இடுப்பில் துணி சுற்றிக்கொண்டேன்.

உறவுப் பெண்கள் இன்னும் அங்கேயேதான் தங்கியிருக்கிறார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் உள்ளே பேச்சு நின்றது. ஒருத்தி காலை மடக்கி இடம் விட்டாள். உட்கார்ந்தேன். எஸ்னத் சுவரோரமாகப் பாயில் படுத்திருந்தாள். மார்பை இறுக்கித் துணியால் கட்டியிருந்தார்கள், பால் வற்றுவதற்காக. துணி இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள். முதலில் என் மடியைப் பார்த்தாள். பிறகு சற்றே சாய்ந்து என் முதுகுப் பக்கம் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"நறுவுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கா."

"சிசோமோவோட சளி அவளுக்கு ஒட்டிக்கிச்சா?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டாள். கண்ணில் பயத்தோடு கேட்டாள்.

"இல்லை, எஸ்னத்."

"நல்லது" என்றாள். மெதுவாகப் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் எழுந்து வரும்வரை திரும்பவில்லை.

அக்டோபர் 18, வியாழன்

இணையத்தில் தேடிப் படித்துப் பார்த்தேன். எட்டு மாதக் குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்க எத்தனையோ காரணங்கள் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. ஒரு அரை நாள் முன்பின் ஆவதால் என்ன ஆகும் என்று அதில் இல்லை.

அக்டோபர் 19, வெள்ளி

பூபதி, லாஸ்டனின் கொழுந்தியாளைப் பேசி வைத்திருக்கிறாராம். நல்ல பெண், திங்கட்கிழமையிலிருந்து வருவாள், நறு இரண்டு நாளில் பழகிவிடுவாள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாளைக்கு நறுவ எஸ்னத் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேங்க" என்றேன்.

"அதான் புதன்கிழமையே போயிட்டு வந்துட்டியல்ல?"

"நான் போனேன். அவ போகல."

கை கழுவிவிட்டு வந்து நின்றார். "அத்தைக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சாமியாடிருவாங்க."

"தெரிய வேண்டாம்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்குதுங்க."

அவர் நறுவின் கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை எடுத்தார். "சரி. நானும் வர்றேன். ஆம்பளைங்க எங்கயோ மரத்தடியிலதான உக்காரணும்."

அக்டோபர் 20, சனி

முதலில் தொக்கோவின் வீட்டுக்குப் போனேன். ஒரு சிட்டெஞ்சேயை நீட்டி, "கட்டிவிடு" என்றேன். என்னையும் நறுவையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"குனி. இன்னும் குனி. நீ என்ன ஆபீசருக்குக் கும்பிடா போடறே? முதுகு மேசை மாதிரி இருக்கணும்." நறுவைத் தூக்கி வைத்தாள். "இப்ப முடிச்சை இறுக்கு. அவ ஒண்ணும் உடைஞ்சிட மாட்டா. நீங்கல்லாம் பிள்ளையைக் கண்ணாடி மாதிரி தூக்கறதாலதான் அதுங்க வழுக்குது."

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது இதுதான்.

பூபதி மரத்தடிக்குப் போனார். ரிக்கில் போடும் சட்டையோடுதான் வந்திருந்தார். ஒரு கிழவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உள்ளே போனேன்.

எஸ்னத் அசையவில்லை. நான் துணியை அவிழ்த்தேன். நறு என் முதுகிலிருந்து இறங்கி, பாயில் தவழ்ந்து, நீட்டியிருந்த கால்களையெல்லாம் தாண்டிப் போய் எஸ்னத்தின் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள். நின்றுகொண்டு அவள் வாயில் விரலை விட்டாள்.

எஸ்னத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இதற்கு முன் நான் கேட்டிராத சத்தம். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அதை வாங்கிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். எழுந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிவிடத்தான் தோன்றியது, பொய் சொல்லவில்லை. என் கை அரை அடி நீண்டும்விட்டது. தொக்கோ என் மணிக்கட்டின் மேல் தன் கையை வைத்தாள். அமுக்கவில்லை, வைத்தாள்.

எஸ்னத் நறுவின் தலையை முகர்ந்தாள். கழுத்தை, உள்ளங்கையை முகர்ந்தாள். பிறகு அவளைத் தூக்கிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அவள் சற்றுநேரம் மடியில் வைத்திருந்து அடுத்தவளிடம் கொடுத்தாள். அப்படியே கை மாறி மாறி என் மகள் எதிர்ச்சுவர்வரை போனாள். அங்கே ஒருத்தி இருமினாள். என் பல் கிட்டித்துக்கொண்டது. நறு அழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள், சுற்றிக்கொண்டு மறுபடி எஸ்னத்திடம் வந்தாள், மடியில் படுத்துத் தூங்கிப்போனாள்.

கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தோம். வெயில் வாசற்படியை விட்டு இறங்கியபோது பூபதி வெளியே செருமினார். எழுந்தேன்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "வருகிறேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டுக்கே இன்னொரு முறை அதே காரியத்துக்கு வரவேண்டியிருக்கும் என்பார்கள். சொல்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன். நறுவை அவள் மடியிலிருந்து அள்ளி எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்து நடந்தேன்.

முற்றம் தாண்டுவதற்குள் பின்னால் குரல் கேட்டது.

"அமாகே நறு!"

நறுவின் அம்மா என்று அர்த்தம். இத்தனை நாளும் அவள் என்னை நேரில் மடாம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

எஸ்னத் வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் வெளியே வருவது இதுதான் முதல் தடவை என்று தொக்கோ அப்புறம் சொன்னாள். வந்தவரைப் பாதி வழியாவது கூட நடந்து கொண்டுவிடாமல் இந்த ஊரில் அனுப்பமாட்டார்கள். துக்க வீட்டிலும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லாமல் கிளம்பியதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாள் என்பதும் தெரியாது. கிட்டே வந்தாள், தூங்குகிற பிள்ளையை என் கையிலிருந்து வாங்கித் தன் முதுகில் போட்டுத் தன் துணியால் கட்டினாள். முன்னால் நடந்தாள்.

நான் அவள் பக்கத்தில் நடந்தேன். பூபதி வெகுவாகப் பின்தங்கி வந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்று முழங்காலைச் சற்றே மடக்கினார்கள். அவளுக்குத்தான். ஆனால் பக்கத்தில் நானும் இருந்தேன்.

தார்ச்சாலை வந்ததும் அவள் நின்றாள். என் தோளைப் பிடித்து அழுத்தினாள், குனிந்தேன். நறுவை என் முதுகுக்கு மாற்றி, என் தோளில் கிடந்த துணியை இழுத்துச் சுற்றி நெஞ்சில் முடிந்தாள். மூச்சு முட்டுகிற இறுக்கம்.

"திங்கக்கிழமை நான் வரமாட்டேன்" என்றாள்.

"சரி."

"அதுக்கப்புறமும் வரமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கோ."

"சரி, எஸ்னத்."

வெளியே நீட்டிக்கொண்டிருந்த நறுவின் பாதத்தைத் துணிக்குள் தள்ளினாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை துக்கம் முடிக்க எனக்குத் தலை மழிக்கிறாங்க. அன்னைக்கு அவ இருக்கணும்."

வாய்வரை வந்ததை, துக்கத்துக்கு வந்த இடத்தில் சொல்லக் கூடாததை, ஒரு நொடி நிறுத்திவைத்தேன். பிறகு அவள் மொழியிலேயே சொன்னேன். வருவோம் என்று.

அவள் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். முதுகில் அவிழ்ந்த துணி பாதி இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பூபதி அவளுக்கு வழிவிட்டு நின்று, பிறகு என்னிடம் வந்தார்.

"என்ன சொன்னா?"

"ஞாயித்துக்கிழம வரச் சொன்னா."

"உன்னையவா?"

"நறுவத்தான்" என்றேன். "நான் தூக்கிட்டுப் போறேன்."